சேறு படாத சட்டை

மகளைப் பார்த்துவிட்டு, நான்கு இடம் சுற்றிவிட்டு, ஊர் திரும்பிக் கால்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம் என்றுதான் லண்டனுக்குப் போனேன். போன மறுநாளே என்னை நடுவராக்கிவிட்டார்கள். எதற்கு நடுவர் என்று விளங்கவே எனக்கு மூன்று நாள் பிடித்தது. விளங்கிய பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நான் திண்டுக்கல்லில் முப்பது வருஷம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கால்பந்து ரெஃப்ரியாகவும் இருந்திருக்கிறேன். எங்கள் ஊரில் பிரியாணிக்கும் பூட்டுக்கும் அடுத்தபடி கால்பந்துதான். ஒரு பெண் விசில் ஊதுவதை வேடிக்கை பார்க்கவென்றே கூட்டம் வந்த காலம் உண்டு. என்னிடம் யாரும் வாதாடுவதில்லை. வாதாடினால் மஞ்சள் அட்டைதான். லண்டனுக்கு அந்த அட்டையை எடுத்துப் போகாதது என் தப்பு.

மகள் வித்யா யாழ்ப்பாணக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். மாமனார் மாமியாரோடு ஒரே வீடு. சம்பந்தி சிவபாலன் அங்கேயே மளிகைக்கடை வைத்திருக்கிறார். அறுபத்தைந்து வயது இருக்கும். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அவர் மனைவி மலர் அதற்கு நேர்மாறு. நாம் நினைப்பதற்குள் பேசிவிடுவார், நமக்குப் பசிப்பதற்குள் பரிமாறிவிடுவார்.

முதல் நாள் மாலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வித்யா என் காதில் சொன்னாள். "அம்மா, மாமா உன்கிட்ட ஒண்ணு கேக்கணுமாம். ரெண்டு மாசமா யோசிச்சிட்டிருக்கார்."

சம்பந்தி கண்ணாடியைத் துடைத்தார். நான் காத்திருந்தேன். விஷயம் இதுதான். அவர்களுடைய கிராமத்து விளையாட்டுக் கழகத்துக்கு லண்டனில் ஒரு கிளை இருக்கிறது. ஊரில் கழகக் கட்டடத்துக்குப் புதுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதில், ஆடி ஓய்ந்த பழைய வீரர்களில் பதினொரு பேரின் படத்தை மாட்டப் போகிறார்கள். 'ஹோல் ஒஃப் ஃபேம்' என்றார் சம்பந்தி. ஊரில் அதைப் புகழ்ச்சுவர் என்கிறார்களாம். யார் அந்தப் பதினொருவர் என்பதில்தான் எட்டு மாதமாகச் சண்டை. (ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.)

"எங்கட ஆக்களில நடுநிலையான ஆள் ஒருத்தரும் இல்லை, சம்மந்தி அம்மா. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நீங்கள் வந்து இருந்தால் நல்லது."

"நானும் உங்களுக்குச் சம்பந்திதானே?"

"ஓம். ஆனா நீங்கள் இந்தியா."

கூடத்துச் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. தொண்ணூறுகளில் எடுத்தது. பதினொரு இளைஞர்கள், நடுவில் ஒரு வெள்ளிக்கோப்பை. நல்ல மழையில் ஆடியிருக்கிறார்கள். முழங்கால் வரை சேறு, சிலருக்கு மூக்கு வரை சேறு. கோப்பையைப் பிடித்திருந்த சிவபாலன் மட்டும் சலவைக்குப் போய் வந்தவர்போல் சுத்தமாக இருந்தார். அந்த வயதிலேயே சுத்தபத்தமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. கூட்டம் ஒரு கடைத்தொகுதிக்குப் பின்னால் இருந்த சிறிய மண்டபத்தில் நடந்தது. வாசலிலேயே மீன் ரோல்ஸும் கடலை வடையும் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் கூட்டம் முடிந்த பிறகுதான் பலகாரம். முன்னாலேயே கொடுத்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். இங்கே சாப்பிட்டுவிட்டு, தட்டை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, நிதானமாக உள்ளே வந்து சண்டை போட்டார்கள்.

முன்வரிசையில் இளைஞர்கள். இளைஞர்கள் என்றால் நாற்பத்தைந்து வயதுக்காரர்கள். கழகத்தில் அதுதான் இளமை. செயலாளர் ரஞ்சன் கவுன்சில் ஆபீசில் வேலை பார்க்கிறவர். ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கும் கோப்பில் வைத்திருந்தார். பின்வரிசையில் பழைய ஆட்டக்காரர்கள், கைகளைக் கட்டிக்கொண்டு. எல்லோரும் என்னை 'ரீச்சர்' என்று அழைத்து நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

விதிப்படி ஓய்வு பெற்றவர்களைத்தான் சுவரில் ஏற்றலாம். அங்கேதான் முதல் சிக்கல். யாருமே ஓய்வு பெற்றதாக அறிவித்திருக்கவில்லை. ஒருவர் முழங்கால் போனதும் நின்றார், ஒருவர் இரட்டைக் குழந்தை பிறந்ததும் நின்றார். கோல் கீப்பர் நவம் அண்ணைக்கு எழுபது நெருங்குகிறது.

"அண்ணை, ரிடயர் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. உடன சுவரில போடுறம்" என்றார் ரஞ்சன்.

"நான் ரிடயர் ஆகேல்லை. நீங்கள் கூப்பிடேல்லை. ரெண்டும் வேற" என்றார் நவம் அண்ணை.

"உங்களுக்கு இடுப்பு ஒப்பரேஷன் நடந்ததெல்லோ?"

"ஓம். இப்ப முந்தியைவிட நல்லா வளையுது."

அடுத்து ஒரு மணி நேரம் தில்லைநாதன் என்பவரைப் பற்றிப் பேச்சு. அவர் உயிரோடு இல்லை. அவருக்குப் பந்தே வராது என்று ஒரு பக்கம். ஊரில் இருந்த ஒரே தோல் பந்து அவருடையது என்று மறுபக்கம். "அவரை விடாட்டிப் பந்தைக் கொண்டு வீட்டை போயிடுவார். அவர் இல்லாட்டிக் கழகமே இல்லை" என்று பின்வரிசையில் ஒருவர் தழுதழுத்தார். என்னைக் கேட்டார்கள். பந்துச் சொந்தக்காரரைச் சுவரில் ஏற்றலாமா கூடாதா என்று எந்த ரெஃப்ரி புத்தகத்திலும் இல்லை. ஏற்றலாம் என்றேன். பாதி பேர் கை தட்டினார்கள், மீதிப் பேர் என்னை அப்போதே எழுதிவைத்துக்கொண்டார்கள்.

மாலை நாலு மணிக்குப் பத்துப் பெயர் தேறியது. நவம் அண்ணையைக் கடிதம் இல்லாமலே சேர்த்துவிட்டார்கள். பதினோராவது பெயரை ரஞ்சன் எழுந்து நின்று வாசித்தார். சிவபாலன். லண்டனில் முன்பு நடந்த ஊர்க் கழகங்களுக்கிடையிலான போட்டியில் அவர்கள் வென்ற ஒரே கோப்பை. அதில் ஐந்து கோல் அடித்தவர், இறுதி ஆட்டத்தில் மட்டும் இரண்டு. முன்வரிசை கை தட்டியது.

பின்வரிசை தட்டவில்லை. ஒருவர் தேநீருக்குள் எதையோ தேடினார். ஒருவர் கூரையைப் பார்த்தார். பந்துச் சொந்தக்காரருக்காக ஒரு மணி நேரம் முட்டிக்கொண்ட மனிதர்கள், ஐந்து கோல் அடித்தவரைப் பற்றி நல்லதாகவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கு வேண்டாம், தம்பி. வேற ஆளைப் போடுங்கோ" என்றார் சம்பந்தி.

"அண்ணைக்குத் தன்னடக்கம்" என்றார் ரஞ்சன். சம்பந்தி கழக நிர்வாகத்தில் இருப்பவர்; அப்படி ஒருவர் பெயர் வந்தால் வெளியாள்தான் முடிவு செய்யவேண்டும் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அடுத்த ஞாயிறு தீர்ப்பு. அதற்குள் பின்னால் ஒரு மனிதர் சத்தமில்லாமல் கதிரைகளை, அதாவது நாற்காலிகளை, அடுக்கத் தொடங்கியிருந்தார். அவரை யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை.

வீட்டுக்கு நடக்கும் வழியில் சம்பந்தி நின்றார். "சம்மந்தி அம்மா, நான் அந்தச் சுவரில ஏறக்கூடாது. நீங்கள்தான் தடுக்கவேணும்."

"ஏன்?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அதற்குள் எதிரே தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டார், பேச்சு தக்காளி விலைக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கம் விருந்தில் "போதும், போதும்" என்று இலையை மறைக்கிறவருக்குத்தான் இன்னொரு கரண்டி விழும். இது அந்த வகை 'வேண்டாம்'தானா என்று வித்யாவைக் கேட்டேன். "மாமா வேண்டாம்னா வேண்டாம்தான்மா. மாமி வேண்டாம்னு சொன்னாத்தான் யோசிக்கணும்" என்றாள். மாமியோ வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அன்றிரவே அலமாரியைத் திறந்து, பெரிதாக்கி ஊருக்கு அனுப்ப எந்தப் படம் எடுப்பு என்று என்னைக் கேட்டார். நான் தடுத்தால் மலர் முகத்தில் எப்படி விழிப்பது? நான் இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுவேன். என் பெண் அந்த வீட்டில்தானே இருக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க மழை. எங்கள் மழைபோல் வந்து கொட்டிவிட்டுப் போவதில்லை; தீர்மானமில்லாத மழை. ரஞ்சன் அந்த இறுதி ஆட்டத்தின் பழைய வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். உருவங்கள் எல்லாம் கரைத்த மாவுபோல் இருந்தன. முகம் ஒன்றும் தெரியவில்லை. வர்ணனையாளர் மட்டும் "சிவபாலன்... சிவபாலன்..." என்று மூச்சுவிடாமல் கத்தினார்.

ரெஃப்ரிக்கு முகம் தேவையில்லை. ஆட்டக்காரர்களின் முதுகைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். ஓடுகிற தினுசை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். வர்ணனையாளர் சிவபாலன் என்று கத்திய ஒன்பதாம் எண் சட்டைக்காரர் இடதுகால் ஆட்டக்காரர். அடிப்பதற்கு முன் வலது கையைப் பின்னால் வீசி உதறுவார், கையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டதுபோல.

சம்பந்தியின் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். அரிசி மூட்டையைக் காலால் நகர்த்தினார். வலதுகால். கதவை எத்திச் சாத்தினார். வலதுகால். வயதானால் முடி போகும், பல் போகும், கால் மாறுமா? கொத்தமல்லிக் கட்டை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்தேன். கடைப்பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கவும் வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மலர் மிளகாய்த்தூள் வறுத்து இடித்து ஒரு பொட்டலம் தந்தார். சம்பந்தியின் தங்கை சாந்தி பிளேஸ்டோவில் இருக்கிறார், அவரிடம் கொடுக்கவேண்டும். வித்யாவுக்கு வேலை நாள். நான் தனியாகப் போகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாதி வழியில் ரயிலில் ஏதோ அறிவித்தார்கள். உடனே எல்லோரும் எழுந்து இறங்கினார்கள். வண்டி அதற்கு மேல் போகாதாம். எங்கள் ஊராக இருந்தால் கார்டைச் சுற்றி ஒரு பஞ்சாயத்தே கூடியிருக்கும். இங்கே ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற ஆங்கிலேய அம்மாள் மட்டும் தன் நாய்க்குட்டியிடம், "நமக்கு இதெல்லாம் பழக்கம்தானே, கண்ணே" என்றாள். அடுத்த வண்டியில் அவளும் நாயும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். என் பையிலிருந்த மிளகாய்த்தூளை மோந்த நாய் ஏழு தடவை தும்மியது. அந்த அமளியில் பிளேஸ்டோவைத் தவறவிட்டு அடுத்த நிலையமான அப்டன் பார்க்கில் இறங்கினேன்.

தொலைபேசியில் சொன்னதும் சாந்தியின் கணவர் குணா அழைத்துப்போக வந்தார். மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். படிக்க வந்து, கணக்கராகி, இங்கேயே தங்கிவிட்டவர். பார்த்ததும் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை கதிரை அடுக்கியவர்.

"வாங்க டீச்சர். ஒரு ஸ்டேஷன்தான் தள்ளி வந்திருக்கீங்க, பரவால்லலா. நடந்துடலாம்."

கிரீன் ஸ்ட்ரீட்டில் நடந்தோம். சேலைக்கடை, நகைக்கடை, நடைபாதையை அடைத்துக்கொண்டு காய்கறிக்கடை. யாரோ பை இடித்து, குவியலிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் உருண்டு சாலையை நோக்கி ஓடியது. எதிரே சிவப்புப் பஸ். குணா மூன்று எட்டு ஓடினார். வலது கை பின்னால் போய் ஒரு உதறு உதறியது. இடது பாதம் முட்டைக்கோஸை நிறுத்தி, மெதுவாக மேலே தூக்கிக் கையில் தந்தது.

"ஒன்பதாம் நம்பர்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவர் முட்டைக்கோஸைத் துடைத்துக் குவியலில் வைத்தார். "யாரு டீச்சர்?" என்றார். அதன் பிறகு வீடு வரும்வரை கறிவேப்பிலை விலையைப் பற்றியே பேசினார்.

அவர்கள் வீட்டில் நண்டுக் கறி யாழ்ப்பாணம், சம்பல் மலேசியா, சோறு பொது. இரண்டும் தனித்தனி வழியில் காரம். கண்ணில் நீர் வந்தது. அந்தச் சாக்கில் நேராகவே கேட்டுவிட்டேன். குணா சிரித்தார். பிறகு சொன்னார்.

அந்தப் போட்டியில் அந்தந்த ஊர்க்காரர்தான் ஆடலாம். ஊர் மாப்பிள்ளைகளுக்கும் அனுமதி உண்டு. குணா அப்போது சிவபாலனோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த மாணவர். சிவபாலனுக்கு ஞாயிறு தவறாமல் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். அவருடைய ஆட்டக்காரர் அட்டை சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு குணா ஆடினார். பரிசளிப்புக்குப் படம் எடுக்கிற நேரத்துக்குச் சிவபாலன் ஷிப்ட் முடிந்து ஓடி வந்து, மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார்.

"படம் எடுத்தது நான்தான்" என்றார் குணா. "வெளிய தெரிஞ்சா கப்பு போயிடும் டீச்சர். ஃபைனல்ல தோத்தது பக்கத்து ஊர், அவங்க இன்னும் மறக்கல. ஒரே கப்பு. விட்ருங்க. கோல் அடிச்ச கால் என்கிட்டதானே இருக்கு, பேரு எங்க இருந்தா என்ன?"

அதுவரை பேசாமலிருந்த சாந்தி கறிச்சட்டியை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தம் பெரிதாக இருந்தது.

"எனக்குக் கவலை இருக்கு. ஒவ்வொரு வருசமும் விளையாட்டு விழாவுக்குப் போய்க் கதிரை அடுக்கிறார். பெடியள் இவரைக் கதிரை அங்கிள் எண்டுதான் கூப்பிடுறவை. அண்ணையின்ர பேரை மைக்கில சொல்லேக்க இவரும் கைதட்டுறார். நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."

அவர் குரல் உடைந்தது. சம்பந்தியின் 'வேண்டாம்' இப்போது விளங்கியது. உண்மையைச் சொன்னால் ஊரின் கோப்பை போகும். சொல்லாமல் சுவரில் ஏறினால் மைத்துனரின் கோல்கள் நிரந்தரமாகத் தன் பெயருக்குப் போகும். அவர் கண்டுபிடித்த ஒரே வழி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு ரெஃப்ரி அவருக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிடுவது. அப்படிச் சொன்னாலும் குணாவுக்கு என்ன கிடைக்கும்? கதிரைதான்.

வாசல்வரை வந்த சாந்தி என் கையைப் பிடித்தார். "அக்கா, மாப்பிள்ளையள் விளையாடலாம் எண்ட விதி எப்பிடி எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?" ஏன் என்று கேட்டேன். சொல்லவில்லை. வீடு திரும்பியதும் ரஞ்சனிடம் அந்தப் பக்கத்தை வாங்கி அவருக்கு அனுப்பிவைத்தேன். பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் வந்தது.

வெள்ளியும் சனியும் எங்கெங்கோ கூட்டிப்போய் எதையெதையோ காட்டினார்கள். அரண்மனை பார்த்தேன், ஆறு பார்த்தேன். ஒன்றும் மனசில் நிற்கவில்லை. மலர் ஒரு படத்தைத் தேர்ந்து பெரிதாக்கவே கொடுத்துவிட்டார்.

ஞாயிறு. அதே மண்டபம், அதே ரோல்ஸ். என்னால் ரோல்ஸ் தின்ன முடியவில்லை. போதிய ஆதாரம் இல்லை, அந்த இடத்தைக் காலியாக விடுங்கள் என்று சொல்லித் தப்பிப்பதாக முடிவு செய்திருந்தேன். கோழைத்தனம்தான். எழுந்தேன்.

எனக்கு முன் சிவபாலன் எழுந்துவிட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"அந்த அஞ்சு கோலும் என்ர இல்லை. நான் அந்த ஞாயிறுகள் எல்லாம் பெற்றோல் ஷெட்டில ஷிப்ட். இதைச் சொல்ல ஏலாமத்தான் ரீச்சரைக் கூப்பிட்டனான். அவவை மாட்டிவிட்டது பிழை."

முன்வரிசை திகைத்துப்போனது. "அப்ப ஆர் அடிச்சது?" என்றார் ரஞ்சன். பின்வரிசை முழுவதும், ஒருவர் விடாமல், மண்டபத்தின் பின்பக்கம் திரும்பியது. அங்கே குணா கையில் இரண்டு கதிரைகளோடு நின்றார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் நவம் அண்ணை. "நான் கோலுக்குள்ள நிண்டனான். ஒவ்வொரு மட்சும் இவன்ர முதுகைத்தான் பாத்தனான். கப்புக்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்தம்."

ரஞ்சன் கையிலிருந்த ஃபைலை மூடினார். முகம் வெளுத்திருந்தது. "அப்ப கப்பைப் பக்கத்து ஊருக்குக் குடுக்கத்தான் வேணும். ஊர் ஆள் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. இவையின்ர கலியாணம் போட்டிக்குப் பிறகுதானே நடந்தது. எங்கட அம்மா அப்பா எல்லாம் வந்து நிண்டவையே."

"விதியை வாசியுங்கோ" என்றார் சாந்தி. அவர் வந்ததையே நான் கவனிக்கவில்லை.

ரஞ்சன் வாசித்தார். ஊரில் பிறந்தவர்களும், ஊர்ப் பெண்ணைச் சட்டப்படி மணம் செய்தவர்களும் ஆடலாம்.

சாந்தி கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். திருமணப் பதிவுச் சான்றிதழ். அவர்கள் 'எழுத்து' என்று சொல்கிறார்கள். அவர்கள் வழக்கத்தில் எழுத்து முதலில் நடக்கும், தாலி பிறகு ஏறும். சில சமயம் வருஷக்கணக்கில் பிறகு. ஊரார் கல்யாணமாகக் கணக்கில் எடுப்பது தாலியைத்தான். குணா மலேசியக்காரர் என்று ஊரிலிருந்த பெற்றோர் சம்மதிக்கவில்லை. அவர்கள் வேறு இடம் பேசிவிடுவார்களோ என்று பயந்து, இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் எழுத்தை முடித்துவிட்டார்கள். அந்தத் தேதி போட்டி தொடங்குவதற்கு மூன்று மாதம் முந்தியது. சாட்சிக் கையெழுத்து சிவபாலன்.

அதன் பிறகு கால்பந்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். "எங்களுக்கும் சொல்லாம எழுத்து வைச்சனீங்களோ?" என்று பின்வரிசை கொதித்தது. ஆள்மாறாட்டத்தை இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தவர்களுக்கு, தங்களிடமே ஒன்றைப் பொத்தி வைத்தது பொறுக்கவில்லை. "அப்பவே தெரிஞ்சிருந்தா உன்ர பேரிலயே விட்டிருப்பமே, விசரா" என்றார் நவம் அண்ணை. மலர் தன் கணவரைப் பார்த்தார். சம்பந்தி இப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். விசில் இல்லாமல் அதுதான் முடிந்தது.

"ஆடினவருக்கு ஆடத் தகுதி இருந்துச்சு. அட்டைதான் தப்பு. அட்டை தப்புன்னா மேலிடத்துக்கு எழுதிப் போடணும். கோலை அழிக்கக் கூடாது. கப்பு உங்களுது, கோல் குணாவுது."

இது சரியான தீர்ப்பா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஆனால் குழப்பத்தை முகத்தில் காட்டாமல் கையைத் தூக்குவதுதான் ரெஃப்ரியின் தொழில்.

"எந்த மேலிடத்துக்கு எழுதுறது, ரீச்சர்? அந்தப் போட்டிக் குழு கலைஞ்சு இருபது வருசம்" என்றார் ரஞ்சன்.

"எழுதிக் கோப்புல வைங்க."

"மருமகன், நீ ரிடயரோ?" என்று நவம் அண்ணை குணாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அது விதி அல்லவா.

"ரிடயர் அண்ணே. இப்ப முட்டைக்கோஸ் மட்டும்தான்." நான் மட்டும் சிரித்தேன். குணா இன்னும் அந்த இரண்டு கதிரைகளைக் கையில் பிடித்தபடியே நின்றார். நவம் அண்ணை எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், அவற்றை வாங்கி ஒன்றை விரித்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். சாந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன்; மஞ்சள் அட்டை கொடுத்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மலர் பெரிதாக்கக் கொடுத்த படத்தை நிறுத்தச் சொல்லிக் கடைக்குத் தொலைபேசினார். பிறகு எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். "எனக்கு அவர் சுவரில ஏறாததில கவலை இல்லை. இத்தனை வருசம் ஒரு கையெழுத்தை என்னட்டை மறைச்சவரே, அதுதான்" என்றார். சம்பந்தி மூன்று நாள் கடையிலேயே சாப்பிட்டார். என் பெண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. சுவருக்குக் குணாவின் படம் வேண்டும். அணியின் எந்தப் படத்திலும் அவர் இல்லை. எல்லாம் அவர் எடுத்தவை. இளவயதுப் படமாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, எழுத்து நடந்த அன்று எடுத்தது.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து, புகழ்ச்சுவரின் படத்தை வித்யா அனுப்பினாள். பத்துப் பேர் ஆட்டச் சட்டையில். பதினோராவது ஆள் கோட்டும் டையுமாக, ஏதோ வங்கி மேலாளர் வழி தவறி மைதானத்துக்கு வந்துவிட்டதுபோல. கோட்டின் கைகள் நீளமாகி விரல் நுனிதான் தெரிந்தது. தோள் ஒரு பக்கம் தொங்கியது.

உடனே சம்பந்திக்குப் பேசினேன். "படம் பாத்தேன். நல்லா இருக்கு. கோட்டுதான் குணாவுக்குக் கொஞ்சம் பெரிசு."

மறுமுனையில் கண்ணாடி துடைக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

"ஓம். அது என்ர கோட். அண்டைக்கு அவனிட்டை நல்ல உடுப்பு ஒண்டும் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, சம்மந்தி அம்மா. பேந்து அதுக்கும் ஒரு மீற்றிங் வைப்பினம்."